துணைவருக்குப் பிடித்த அறிவியல் புனைவு: நடிப்பதா, நேரே சொல்வதா?

2023 ஜூன் 4, காலை (வாசகி ஒருவரின் கேள்வி)

கல்யாணமாகி ஐந்து மாதம். கணவர் நல்ல மனிதர். ஆனால் வேலை முடிந்து வந்தால் விண்கலம், ரோபோ, டிராகன், மந்திரவாதி இதில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். படிப்பதும் அதுதான், பார்ப்பதும் அதுதான். எனக்கு அதில் மனசு ஒட்டவே மாட்டேன் என்கிறது. பத்து நிமிடத்தில் கொட்டாவி வருகிறது. பிடித்த மாதிரி நடிக்கட்டுமா, பிடிக்கவில்லை என்று நேரே சொல்லிவிடட்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2023 ஜூன் 4, இரவு (வாசகர் ஒருவரின் பதில்)

நடிக்க வேண்டாம். 24 வருடத்துக்கு முன் நான் அதைத்தான் செய்தேன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்த ஆசை மனைவிக்கு. நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் இருக்கிறேன். காலண்டர், லேபிள், நோட்டு அட்டை. நாள் முழுக்க அச்சடித்த தாளோடு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அச்சடித்த தாளா என்று இருக்கும் எனக்கு. 1999இல் கல்யாணம். சீரோடு ஒரு டிரங்குப் பெட்டியும் வந்தது. தூக்கவே இரண்டு ஆள் தேவைப்பட்டது. வெண்கலப் பாத்திரமாக இருக்கும் என்று அம்மா நினைத்திருந்தார். திறந்தால் காமிக்ஸ். முத்து, லயன், அதற்கு அடியில் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து அடுக்கிக் கோணி ஊசியால் தைத்த கட்டுகள். அவளுடைய அப்பா விருதுநகரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் படிக்கட்டும் என்று வாங்கிப் போட்டவை. கடைசியில் எல்லாவற்றையும் படித்து முடித்தது அவருடைய மகள்தான்.

கல்யாணமான மாதமே ஒன்றை எடுத்துக் கொடுத்து, "படிச்சுப் பாருங்க" என்றாள். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை மறைந்துபோகும் ஒருத்தனின் கதை. நான்கு பக்கம் புரட்டினேன். மூன்று நாள் கழித்து, "நல்லா இருந்துச்சு" என்றேன். "எந்த இடம்?" என்றாள். "கடைசியில" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. புத்தகத்தை வாங்கி, அட்டையைச் சேலை முந்தானையால் துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த ஒன்பது வருடம் என் பக்கம் ஒரு புத்தகத்தைக்கூட நீட்டவில்லை. பிடிக்கவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அடுத்த மாதம் வேறொன்றைக் கொடுத்திருப்பாள். ஒன்பதாவது வருடம் என்ன நடந்தது என்பதை அப்புறம் எழுதுகிறேன்.

2023 ஜூன் 5

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. அவள் படித்துவிட்டுச் சொன்னாள். இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் மறைவது கை இல்லை, உடம்பு. கை மட்டும் மறையாது. உடுப்பெல்லாம் மறைந்து, அந்த எஃகுக் கை தனியாக அந்தரத்தில் நிற்கும்.

பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டினாள். 1962இல் லண்டனின் வேலியண்ட் வார இதழில் ஆரம்பித்த கதை. ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் வரைந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இதுதான். அதுவும் எங்கள் சிவகாசியிலிருந்து! நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து போன தாளைத்தான் விருதுநகரில் ஒரு சின்னப் பெண் சைக்கிள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கட்டத்தில் சுவர், மேசை, மேசை மேல் ஒரு தொலைபேசி, அதை எடுக்கிற ஒரு கை. அவ்வளவுதான். ஆள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். மை விழாத இடத்தை இத்தனை நேரம் நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு மை விழாத இடம் என்றால் மெஷினை நிறுத்து என்று அர்த்தம்.

"முழுசா மறைஞ்சிட்டா கதையே இல்லைங்க" என்றாள். "கை தெரியுது பாருங்க, அதனாலதான் பயம், அதனாலதான் கதை. அதுவும் கொஞ்ச நேரத்துல தீர்ந்துபோகும். மறுபடி கரண்ட்ல கைய வைக்கணும். சும்மா எதுவும் கிடைக்காது அவனுக்கு."

மாயாஜாலம் என்றால் எது வேண்டுமானாலும் நடக்கும், அதில் என்ன சுவாரஸ்யம் என்றுதான் இருபது வருடம் நினைத்திருந்தேன். அவள் தேடுவது இதற்கு நேர் எதிரானது. அந்த உலகத்தில் எது நடக்காது, எதற்கு என்ன விலை என்றுதான் முதலில் பார்க்கிறாள். வரவு செலவு பார்க்கிற மாதிரி. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுப்பவள், ஆச்சரியம் இல்லை.

2023 ஜூன் 9

எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளைக் காட்டி, இதற்கும் உங்கள் கதைகளுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கேளுங்கள்.

எனக்கு அது மொட்டை மாடி டிஷ். ஒருநாள் காற்றில் திரும்பிவிட்டது. ஆள் வந்து அரை விரற்கடை இப்படி, அரை விரற்கடை அப்படி என்று தட்டி வைத்துவிட்டு, போல்ட்டை முறுக்கிவிட்டுப் போனார். நான் சும்மாதான் கேட்டேன்: "சாட்டிலைட்டு ஓடிட்டே இருக்கும்பாங்க, இது ஏன் அசையாம ஒரே பக்கம் பாக்குது?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன் எங்கள் பையன் பிறந்தபோதுதான் பார்த்திருக்கிறேன்.

நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றைச் சுற்றவிட்டால், பூமி ஒரு சுற்று சுற்றுகிற அதே நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடிக்கும். இங்கிருந்து பார்த்தால் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். இதை 1945இல் கண்டுபிடித்தவர் ஆர்தர் சி. கிளார்க், அவளுக்குப் பிடித்த எழுத்தாளர்களில் ஒருவர். வாளியில் இருந்த துணியெல்லாம் ஈரத்தோடு கிடக்க, கொடிக் கயிற்றில் ஒரு கிளிப்பை நகர்த்தி நகர்த்திக் காட்டிச் சொன்னாள்.

2023 ஜூன் 10

திருத்தம். "கண்டுபிடித்தவர்" என்று எழுதியதற்குக் காலையிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்படி ஒரு பாதை இருக்கும் என்பது கிளார்க்குக்கு முன்பே தெரிந்த விஷயமாம். அந்தப் பாதையில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று கணக்குப் போட்டு, 1945 அக்டோபரில் ஒரு ரேடியோ பத்திரிகையில் எழுதியவர் அவர். அப்போது வயது 27. அசையாமல் நிற்கும் முதல் செயற்கைக்கோளான சின்காம் 3 மேலே போனது 1964இல்தான்.

அவள் சொன்ன இன்னொன்றையும் எழுதாமல் விட முடியவில்லை. அந்த நிலையங்களில் ஆட்கள் தங்கியிருப்பார்கள் என்று கிளார்க் நினைத்தாராம். காரணம், அந்தக் காலத்து ரேடியோவில் வால்வு (பல்பு மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய்) அடிக்கடி எரிந்துபோகும், மாற்ற ஆள் வேண்டுமே. ஒரு பக்கம் இருபது வருடம் முன்னாலேயே சரியாகப் பார்த்தவர், இன்னொரு பக்கம் வால்வு மாற்ற ஆள் அனுப்பியிருக்கிறார். "இந்த ரெண்டும் சேர்ந்திருக்கிறதுதாங்க எனக்குப் பிடிக்கும்" என்றாள். எங்கள் பிரஸ்ஸில் ஈய எழுத்துகளைக் கோக்க வைத்திருந்த பழைய கேஸ்களை எடைக்குப் போட்ட நாள் எனக்கு ஞாபகம் வந்தது. நாங்களும் ஒரு காலத்தில் எழுத்துக் கோக்கிற ஆள் என்றைக்கும் வேண்டும் என்றுதான் நினைத்தோம்.

2023 ஜூன் 11

கிளார்க் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், ஆமாம், இலங்கையில் இருந்தவர்தான். 1956இல் போய், 2008இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். போனதற்குப் பெரிய காரணம் கடலுக்குள் முங்குவது. அந்த 1956இலேயே திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே முங்கி, பழைய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் பார்த்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோயில்.

இதை அவள் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். சம்பந்தர் பாடிய கோணமாமலை அது. என் அப்பா விடிகாலையில் திண்ணையில் உட்கார்ந்து தேவாரம் சொல்வார், அந்தப் பதிகம் காதில் விழுந்தே வளர்ந்தவன் நான். அவளுடைய விண்வெளிக்காரர் என் அப்பாவின் கோயிலைக் கடலுக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை.

2023 ஜூன் 18

ஒரு சகோதரி கோபமாக எழுதியிருக்கிறார்: "எப்போதும் பெண்ணே அனுசரிக்க வேண்டுமா? அவர் இவளுக்குப் பிடித்ததைக் கற்றுக்கொள்வாரா?" நியாயமான கேள்வி. என் வீட்டிலிருந்துதான் இதற்குப் பதில் சொல்ல முடியும். அதற்கு அந்த ஒன்பதாவது வருடத்தைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு நாய் என்றால் உயிர். 2001இல் ராஜபாளையம் போய் ஒரு குட்டி வாங்கி வந்தேன். சுத்த வெள்ளை, ரோஜா நிற மூக்கு, எலும்பு தெரிகிற ஒல்லி. அவளுக்கு நாய் ஆகாது. சின்ன வயதில் கடிபட்டவள். இருந்தாலும் மறுநாளே சோற்றைக் குழைத்து, மஞ்சள் போட்டு வேகவைத்த எலும்புச் சாற்றை ஊற்றி, தள்ளி நின்று தட்டை நகர்த்தி வைத்தாள். ஒரு மாதத்தில் தள்ளி நிற்பதும் போய்விட்டது. "நான் பேரு வைக்கட்டுமா?" என்றாள். "வை" என்றேன். ஜீனோ என்று வைத்தாள். வெளிநாட்டுப் பெயராக இருக்கிறதே, ஸ்டைலாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

2008 பிப்ரவரி 28, காலை. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பேப்பர், பேப்பர் மேல் ஜீனோவின் தலை. அழுதுகொண்டிருந்தாள், சத்தமே இல்லை. பதறிப்போய் என்ன என்று கேட்டேன். "சுஜாதா போயிட்டார்" என்றாள். முதல் நாள் இரவு சென்னையில் இறந்திருந்தார்.

நான் சொன்னேன்: "எழுத்தாளர்தான? நமக்கென்ன சொந்தமா, பந்தமா? எந்திரி, பையனுக்கு நேரமாச்சு."

எழுந்து போனாள். தோசை ஊற்றினாள். பையனுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கு வண்டியில் போகும்போது பின்னாலிருந்து சொன்னான்: "அப்பா, நம்ம ஜீனோவுக்குப் பேரு வச்சது அந்தத் தாத்தாதான். அவர் கதையில ஜீனோன்னு ஒரு ரோபோ நாய் வரும். அம்மா தினமும் அந்தக் கதைதான் சொல்வாங்க."

ஏழு வருடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதலில் சொல்கிற பெயர், இரவில் கதவைச் சாத்தும்போது கடைசியாகச் சொல்கிற பெயர். எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்த நாயையும் அவளுக்குப் பிடித்த கதையையும் அவள் அன்றைக்கே சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறாள். எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு ஏழு வருடம் சும்மா இருந்திருக்கிறாள்.

அன்று மாலை பிரஸ்ஸிலிருந்து வந்து, பெட்டியைத் திறந்து தரச் சொன்னேன். அந்த ஜீனோ கதை, ஆனந்த விகடனிலிருந்து கிழித்துத் தைத்த கட்டு. தையல் இறுக்கத்தில் உள் ஓரத்து எழுத்துகள் பாதி மறைந்திருந்தன. விரலால் விரித்துப் பிடித்துத்தான் படிக்க முடியும். பதினோரு இரவு ஆயிற்று. ஒரு இரவுகூட அவள் "எந்த இடம்?" என்று கேட்கவில்லை. பன்னிரண்டாவது நாள் நானே போய் எந்தெந்த இடம் என்று சொன்னேன்.

2023 ஜூன் 18, அப்புறம்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு அவள் சொன்னது: முடிச்சுப் போடவெல்லாம் இல்லையாம். அந்தக் குட்டி உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்ததும் அந்தப் பெயர் வாயில் வந்ததாம், அவ்வளவுதானாம். அவள் சொல்வது இது. நான் மேலே எழுதியதை மாற்றவில்லை.

2023 ஜூன் 20

2008 பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. சுஜாதா இறந்தது பிப்ரவரி 27. கிளார்க் கொழும்பில் இறந்தது மார்ச் 19. நடுவில் சரியாக 21 நாள். இரண்டு செய்திகளையும் கத்தரித்து ட்யூஷன் நோட்டின் உள் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். இரண்டாவது செய்தி வந்த அன்று நான் பேசாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜீனோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

ஓட்டுச் சாவடிக்குப் போகும்போதெல்லாம் ஒரு விஷயம் சொல்வாள். சுஜாதா பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. பட்டனை அழுத்தி 'பீப்' சத்தம் வந்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எந்தக் கட்சிக்குப் போட்டாள் என்று இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை, அந்தச் சிரிப்பு யாருக்கு என்பது தெரியும்.

2023 ஜூலை 2

டிராகன், மந்திரவாதி சமாச்சாரம் மட்டும் சுத்தமாக ஒட்டவில்லை என்று கேள்வி கேட்ட தங்கை மறுபடி எழுதியிருக்கிறார். ராக்கெட்டையாவது சகித்துக்கொள்ளலாம், இது குழந்தைத்தனம் என்கிறார்.

எங்கள் அம்மா கதை சொல்கிறேன். வீட்டில் ஹாரி பாட்டர் படம் ஓடிக்கொண்டிருந்தது. வெற்றிலை இடித்துக்கொண்டே அம்மா கேட்டார்: "ஏண்டா, அந்த மூக்கில்லாதவன் ஏன் சாக மாட்டேங்குறான்?" பையன் சொன்னான்: "அவன் உயிரைத் துண்டு துண்டா வெளியில ஒளிச்சு வச்சிருக்கான் பாட்டி. டைரி, மோதிரம், லாக்கெட்டுன்னு."

உரல் நின்றது. "அட, கிளி கதை! ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, குகைக்குள்ள கூண்டு, கூண்டுக்குள்ள கிளி. அதுலதான ராட்சசன் உயிரு? இவன் எத்தனை கிளி வச்சிருக்கான்?"

கடைசிப் படம் வரை அம்மா எண்ணிக்கொண்டே இருந்தார். "இன்னும் ரெண்டு கிளி பாக்கி" என்பார். என் மனைவியும் அம்மாவும் ஒரே பக்கம் உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் பேசி நான் பார்த்தது அந்த நாட்களில்தான். அதுவரை இரண்டு பேருக்கும் நடுவில் குழம்பில் எவ்வளவு புளி என்ற பேச்சுதான் இருந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் படத்தின் முன் உட்கார வைத்துப் பாருங்கள்.

2023 ஜூலை 14

பிற்பகல் 2.35. சந்திரயான் 3 கிளம்பியது. மெஷினை ஐந்து நிமிடம் நிறுத்தி எல்லோரும் ஒரு போனில் பார்த்தோம். நாற்பது நாள் ஆகும், மெதுவாகச் சுற்றிச் சுற்றித்தான் போகும் என்றார்கள். அமெரிக்காக்காரன் நான்கு நாளில் போனான், நமக்கு ஏன் இவ்வளவு நாள் என்று பைண்டிங் பையன் கேட்டான். பதில் சொன்னது நான்: "ஊஞ்சல் மாதிரி. பெரிய தள்ளா ஒரே தள்ளு தள்ள நம்மகிட்ட அவ்வளவு பெரிய ராக்கெட் இல்ல. ஒவ்வொரு சுத்துலயும் பக்கத்துல வரும்போது ஒரு சின்னத் தள்ளு. கொஞ்சம் கொஞ்சமா உயரம் ஏறும்."

ராத்திரி அவளிடம் சொன்னேன். "ஊஞ்சலா? இந்த உதாரணம் நான் சொல்லலையே" என்றாள். நானாக யோசித்துச் சொன்னதுதான்.

2023 ஜூலை 23

"நடிக்க வேண்டாம்" என்று முதல் நாள் எழுதியதை இன்று முழுக்க யோசித்தேன். அப்படியே விட மனமில்லை.

படிக்காமலே "நல்லா இருந்துச்சு" என்றேனே, அது பொய். அது கூடாது. ஆனால் பிடிக்காத ஒன்றின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது பொய் இல்லை. ஜீனோவுக்குச் சோறு வைத்த முதல் மாதம் அவளுக்கு நாய் பிடித்தா இருந்தது? இல்லை. பயத்தோடுதான் வைத்தாள். அதை நடிப்பு என்று நான் சொல்வேனா? சொல்ல மாட்டேன். எனவே தங்கைக்கு: கொட்டாவி வந்தால் வரட்டும். கொட்டாவியோடு உட்காருங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி, அது ஏன் அப்படி என்று கேளுங்கள். கேட்ட பிறகு பதிலை முழுதாகக் கேளுங்கள், அது நீளமாகத்தான் இருக்கும்.

எனக்கும் இன்னும் எல்லாம் பிடித்துவிடவில்லை. விண்கலச் சண்டை இரண்டு மணி நேரம் ஓடினால் தூங்கிவிடுவேன். அவளும் எழுப்ப மாட்டாள், முடிவை மட்டும் காலையில் காபியோடு சொல்வாள்.

2023 ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. இன்றுதான் எங்கள் ஊரில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும் நாள். மூச்சுவிட நேரமில்லை. ஒன்று மட்டும்.

ஆல்பம் வேலை நடுவே ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் வந்தது. பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று, இறந்துபோன அம்மாளின் கணவர் மூன்று முறை வந்து நின்றார். பெரியவர், எண்பது வயது இருக்கும். மனைவியைக் கூப்பிடுகிற செல்லப் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்றார். போட்டோம்.

வீட்டில் சொன்னேன். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனும் அப்படித்தான் செய்தார் என்றாள். அவர் மனைவி ஈடித் 1971இல் இறந்தபோது, ஆக்ஸ்போர்டில் கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே 'லூத்தியன்' என்று பொறிக்கச் சொன்னார். 1917இல், போர்க்காலத்தில், காட்டில் அவருக்காக ஈடித் ஆடியிருக்கிறார். அதிலிருந்து பிறந்தது லூத்தியன் கதை: சாவே இல்லாத குலத்துப் பெண், சாகப்போகிற மனிதன் ஒருவனுக்காகத் தானும் சாவை ஏற்றுக்கொள்கிறாள். 1973இல் அவரும் இறந்தார். அதே கல்லில் அவர் பெயருக்குக் கீழே 'பெரன்', அந்த மனிதனின் பெயர்.

டிராகன் கதையைக் குழந்தைத்தனம் என்று எழுதிய தங்கைக்கு இதைச் சொல்லத் தோன்றியது. நாளைக்கு அந்தப் பெரியவர் போஸ்டர் வாங்க வருவார்.

2023 ஆகஸ்ட் 23

மாலை 6.04. சந்திரயான் 3 நிலாவில் இறங்கிவிட்டது! ட்யூஷன் பிள்ளைகள் பதினான்கு பேரும் எங்கள் கூடத்தில். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்றதும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவள் கைதட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பெட்டியில் இருக்கும் கட்டுகளில் எத்தனை முறை நிலாவில் இறங்கியிருப்பாள், இருந்தும் நிஜத்தில் நம் கலம் பத்திரமாக இறங்குவது முதல் முறை.

2023 ஆகஸ்ட் 27

இது கொஞ்சம் நீளும்.

இதுவரை எழுதியதில் எல்லாமே அவள் கொடுத்தது, நான் வாங்கியது. போன வாரம் முதல் முறையாக நான் ஒன்றைக் கொண்டுபோனேன். ஒரு கல்லூரிக் கருத்தரங்கு மலர் எங்கள் பிரஸ்ஸில் ஓடியது. மெஷின் செட்டாகும் வரை விழுகிற வேஸ்ட் ஷீட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சீவக சிந்தாமணி பற்றி ஒரு கட்டுரை. பள்ளியில் பெயரை மட்டும் மனப்பாடம் செய்த காப்பியம். நின்றபடி படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சச்சந்தன் என்று ஒரு அரசன். மனைவி விசயையிடம் மயங்கிக் கிடந்து, ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரன் கையில் கொடுத்துவிடுகிறான். விசயை ஒரு கெட்ட கனவு காண்கிறாள், கர்ப்பமாகவும் இருக்கிறாள். அரசன் மயில் வடிவத்தில் ஒரு பறக்கும் பொறியைச் செய்யச் சொல்கிறான். விசயை அதை ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். பொறியை வலப்பக்கம் திருப்பினால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறும். இடப்பக்கம் திருப்பினால் கீழே இறங்கி, காலை மடக்கி உட்காரும். திருத்தக்க தேவர் இப்படி எழுதி ஆயிரம் வருடம் இருக்கும்.

கட்டியங்காரன் படையோடு வளைக்கிறான். சச்சந்தன் அவளை மயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு, தான் நின்று சண்டை போட்டுச் சாகிறான். எதிரியின் வெற்றி முரசு காதில் விழ, மேலே போய்க்கொண்டிருந்தவள் மயங்கிவிடுகிறாள். மயில் சுடுகாட்டில் போய் இறங்குகிறது. சீவகன் அங்கேதான் பிறக்கிறான்.

ராத்திரி சாப்பாடு முடிந்து அந்த ஷீட்டை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். மஞ்சளும் கறுப்பும் மட்டும் விழுந்து மற்ற கலர் விழாத தாள், எழுத்து கறுப்பில் தெளிவாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். மறுபடி படித்தாள்.

"வலம் திருப்பினா மேல. இடம் திருப்பினா கீழ. சரி, அப்ப முன்னால போறதுக்கு?"

அது கட்டுரையில் இல்லை என்றேன்.

"இருக்கட்டும். மயங்கினதும் நேரா விழுந்து நொறுங்கல பாருங்க. தானா இறங்கி உட்காருது. ஓட்டுறவ கை விட்டாலும் பத்திரமா இறங்குற மாதிரி யோசிச்சுச் செஞ்சிருக்கான். எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா இது?" குரல் உயர்ந்துவிட்டது. மணி பத்தரை. பையனுக்குக் கோயம்புத்தூருக்கு போன் போட்டு அவனிடமும் சொன்னாள்.

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டாள்: "ரெண்டு பேருக்கு ஏன் செய்யல?"

"அவன் ராஜா. விட்டுட்டுப் போக முடியாதுல்ல" என்றேன்.

"அது ராஜா சொல்ற காரணம். செஞ்சவன் சொல்ற காரணம் என்னவா இருக்கும்?"

"எடை தாங்காதோ என்னவோ."

பதில் சொல்லவில்லை. ட்யூஷன் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, மயிலை வரைய ஆரம்பித்தாள். கழுத்து, தோகை, மடங்குகிற கால், கைப்பிடியில் வலம் இடம் என்று அம்புக்குறி. முதுகில் ஒரு இருக்கை. ஸ்கேலை வைத்து அளந்து, அதற்குப் பின்னால் இன்னொரு இருக்கை. ஓரத்தில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. நான் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தலை நிமிராமலே கேட்டாள்: "ஏங்க, உங்க எடை இப்ப எவ்வளவு?"

71 கிலோ என்றேன். எழுதிக்கொண்டாள்.